குறட்டை என்று எண்ணிக் கதவைச் சாத்தாதீர்கள்



கிராண்ட்பாஸ் என்ற பெயர் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற பெயர். பெரிய கடவைத் துறை என்பது அதன் பொருள். 1822இல் ஆங்கிலேயர் இங்கே ஓடங்களை வரிசையாகக் கட்டி, அவற்றின்மேல் பாலம் அமைத்தனர். 1895இல் விக்டோரியா பாலம் எழும்பும்வரை களனி கங்கையைக் கடந்தவர்கள் அந்த ஓடப்பாலத்தையே நம்பியிருந்தனர். பொருள் வரும் வழி எதுவோ, அதுவே கேடு வரும் வழியுமாகிவிடுகிறது. நம் ஒழுங்கைகளுக்குள் வந்து சேர்ந்திருக்கும் 'குடு'வைப் பற்றி இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது கிராண்ட்பாசுக்கு மட்டும் உரிய நோயன்று. கொட்டாஞ்சேனையிலும் உண்டு, வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் உண்டு. மாடிவீட்டில் கதவு தடிப்பானது. சத்தம் வெளியே கேட்பதில்லை, அவ்வளவே.

போதைவஸ்து தீமையானது என்ற பிரசங்கத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே அதை இங்கே மீண்டும் சொல்லப் போவதில்லை. இந்த வாரப் பாடம் வேறு. போதைவஸ்து அளவு மீறும்போது மரணம் எந்த வழியாக வருகிறது, அதை எப்படி அடையாளம் காண்பது, அந்தச் சில நிமிடங்களில் ஒரு தாயோ தமக்கையோ அயல்வீட்டாரோ என்ன செய்யலாம் என்பதே பாடம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரவு இரண்டு மணி. மகன் பிந்தி வந்து படுத்துவிட்டான். அறையிலிருந்து பலத்த குறட்டை. வழக்கமான குறட்டை அல்ல, தண்ணீருக்குள் மூச்சு விடுவதுபோன்ற கொறகொறச் சத்தம். "களைத்துப்போய் நித்திரை கொள்கிறான், எழுப்ப வேண்டாம்" என்று தாய் மெதுவாகக் கதவைச் சாத்துகிறாள். காலையில் தேநீரோடு போகும்போது அவன் உடல் குளிர்ந்து கிடக்கிறது. உலகில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடந்திருக்கிறது. அந்தத் தாயிடம் அன்புக்குக் குறைவிருக்கவில்லை. அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரே குடும்பத்துச் சரக்குகள்

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த சேர்ட்யூர்னர் என்ற மருந்தாளர் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். 1874இல் லண்டனில் ரைட் என்ற இரசாயன அறிஞர் மோர்பினை மாற்றி ஒரு புதிய பொருளைச் செய்தார். 1898இல் ஜெர்மனியின் பேயர் கம்பனி அதை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கி, அதற்கு 'ஹெரோயின்' என்று பெயரிட்டது. இன்று 'குடு' என்று நாம் அறிவது அதையே.

அதன்பின் கசகசாச் செடியே தேவைப்படாமல் இரசாயனக்கூடத்தில் முழுவதுமாகச் செய்யப்படும் பொருள்கள் வந்தன. வலிக் குளிசையாகிய ட்ரமடோல் அவற்றுள் ஒன்று. 1960ஆம் ஆண்டளவில் பெல்ஜியம் நாட்டு வைத்தியர் போல் ஜான்சன் பென்டனில் என்ற மருந்தை உருவாக்கினார். இது மோர்பினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வலுவானது. ஹெரோயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு. 1974இல் வந்த கார்பென்டனில் மோர்பினைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு வலுவுடையது. அது யானை போன்ற பெரிய விலங்குகளை மயக்குவதற்கானது. 1950களில் சுவிட்சர்லாந்தில் ஆராயப்பட்டு, மருந்தாகப் பயன்படாது என்று கைவிடப்பட்ட நிட்டசீன் வகைகளும் 2019இலிருந்து பல நாடுகளின் கள்ளச் சந்தைகளில் தலைகாட்டுகின்றன.

பெயர்கள் பலவாயினும் இவை உடலில் செய்யும் வேலை ஒன்றே. ஆகவே ஆபத்தின் அடையாளங்களும் ஒன்றே. இதை நினைவில் வையுங்கள். பிள்ளை எடுத்தது எது என்று தெரியாவிட்டாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறுவதில்லை.

மூச்சு ஏன் நிற்கிறது?

நாம் உறங்கும்போதும் மூச்சு நடப்பதற்குக் காரணம், மூளையின் அடித்தண்டில் இருக்கும் ஒரு காவல் மையம். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடும்போது அந்த மையம் "மூச்சை இழு" என்று கட்டளையிடுகிறது. அபின் குடும்பத்துச் சரக்குகள் வலியை மறைப்பதோடு நில்லாமல் இந்தக் காவலாளியையும் தூங்க வைக்கின்றன. மூச்சு முதலில் ஆழம் குறைகிறது, பின்பு இடைவெளி கூடுகிறது, கடைசியில் நின்றுவிடுகிறது. நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து காற்றுவழியை அடைப்பதாலேயே அந்தக் கொறகொறச் சத்தம் வருகிறது. மூச்சு நின்று நாலைந்து நிமிடங்களில் ஒட்சிசன் இன்றி மூளை சேதமடையத் தொடங்கும். அதன்பின் இதயமும் நிற்கும்.

ஹெரோயினால் வரும் மரணம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணித்தியாலங்களில் மெல்ல மெல்ல வருவது. ஆகவே இடையில் ஒருவர் கண்டுகொண்டால் காப்பாற்றலாம். பென்டனில் போன்றவற்றில் அந்த அவகாசம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது.

உப்புக்கல் அளவு

பழக்கமில்லாத ஓர் உடலைக் கொல்ல இரண்டு மில்லிகிராம் பென்டனில் போதும் என்பது அமெரிக்கப் போதைவஸ்துத் தடுப்பு அதிகாரிகளின் கணக்கு. அது சில உப்புக்கற்களின் எடை. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், இரண்டு கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருப்போருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று விதித்தது. அதே இரண்டு கிராம் பென்டனிலாக இருந்தால் அதில் 1,000 மரணங்கள் அடங்கியிருக்கும்.

கள்ள வியாபாரிக்கு இது இலாபம். சிறு பொட்டலத்தைக் கடத்துவது எளிது. மாவோடு கலந்தால் பலமடங்காகும். ஆனால் கலப்பவன் மருந்தாளன் அல்லன். பாயசத்தில் கஜு போட்டுக் கிண்டிப் பாருங்கள். ஒருவரின் கோப்பையில் ஐந்து விழும், அடுத்தவரின் கோப்பையில் ஒன்றும் விழாது. தூளிலும் அப்படியே. ஒரே பையிலிருந்து எடுத்த இரு பொட்டலங்களில் ஒன்று வெறும் மாவாகவும் மற்றது நஞ்சாகவும் இருக்கலாம். "நேற்று எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை.

குளிசைகளும் இதற்கு விலக்கல்ல. 2016 ஏப்ரலில் மரணமடைந்த அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் விழுங்கியது வலிக் குளிசைபோல் அச்சிடப்பட்ட போலிக் குளிசையை என்று விசாரணையாளர்கள் கண்டனர். அதனுள் இருந்தது பென்டனில். அமெரிக்காவில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் போதைவஸ்து அளவு மீறி மாண்டனர். அவர்களில் பத்தில் ஏழு பேர்வரை இத்தகைய செயற்கைச் சரக்குகளுக்குப் பலியானவர்கள்.

நமக்கும் இதற்கும் என்ன?

"அது அமெரிக்காவின் துன்பம்" என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டுக்கு ஹெரோயின் பெருமளவில் கடல்வழியே வருகிறது. ஆப்கானிஸ்தானில் விளைந்து, ஈரான், பாகிஸ்தான் கரையோரங்களில் படகேறி, அரபிக் கடலைத் தாண்டி, நம் ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளுக்குக் கைமாறுகிறது. கடற்படை பிடிக்கும் படகுகளின் செய்தியை நீங்கள் அடிக்கடி வாசிக்கிறீர்கள். 2022 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் ஆட்சியாளர்கள் கசகசாப் பயிரைத் தடை செய்தனர். அடுத்த ஆண்டில் அங்கே பயிரிடப்பட்ட நிலம் 95 வீதம் குறைந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் அலுவலகம் அறிவித்தது.

நல்ல செய்திதானே என்று கேட்பீர்கள். எஸ்தோனியா என்ற சிறு நாட்டின் கதையைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டில் இதேபோன்ற தடை வந்தபின் அங்கே ஹெரோயின் அரிதாயிற்று. அந்த இடத்தைப் பென்டனில் பிடித்துக்கொண்டது. பல ஆண்டுகள் ஐரோப்பாவிலேயே போதைவஸ்து மரணம் மிகக் கூடிய நாடு என்ற துயரப் பெயர் அதற்குக் கிடைத்தது. சரக்கு குறைந்தால் ஆசை குறைவதில்லை. வேறு சரக்கு வருகிறது.

கொழும்பில் குளிசைகளின் கதை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ட்ரமடோல் குளிசைகளும், நரம்பு வலிக்குக் கொடுக்கப்படும் ப்ரீகபலின் என்ற மாத்திரை உறைகளும் வைத்தியரின் துண்டு இல்லாமல் கைமாறுவதும் பிடிபடுவதும் செய்தியாகின்றன. ப்ரீகபலின் அபின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் குடுவோடோ ட்ரமடோலோடோ சேரும்போது அதுவும் மூச்சை அடக்குவதில் பங்காளியாகிறது. "இது தூள் இல்லை, பாமசிக் குளிசைதானே" என்ற எண்ணமே இதில் கொடிய பொறி.

ஆபத்து யாருக்குக் கூடுதல்?

முதலாவது, விட்டுவிட்டு மீண்டும் தொடுபவருக்கு. இதைப் பெற்றோர் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். நாள்தோறும் எடுப்பவரின் உடல் படிப்படியாகப் பெரிய அளவைத் தாங்கப் பழகுகிறது. சிறையிலோ புனர்வாழ்வு நிலையத்திலோ சில வாரங்கள் இருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆனால் கை பழைய அளவையே நினைவில் வைத்திருக்கும். வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களே மிக ஆபத்தான காலம். மகன் திருந்தி வந்துவிட்டான் என்று வீடு மகிழ்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் கண் விழித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, சாராயத்தோடோ நித்திரைக் குளிசையோடோ கலந்து எடுப்பவருக்கு. மூன்றாவது, தனியே கதவைத் தாழிட்டு எடுப்பவருக்கு. நாலாவது, ஆஸ்த்மா போன்ற சுவாச நோயுள்ளவருக்கு. ஐந்தாவது, தவறிப்போய் பெரியவரின் மருந்தை விழுங்கும் குழந்தைக்கு.

மூன்று அடையாளங்கள்

முதலில் இந்த மூன்றையும் பாருங்கள். ஒன்று: கூப்பிட்டாலும் உலுக்கினாலும் எழும்பாத மயக்கம். இரண்டு: மூச்சு மிக மெதுவாக நடத்தல், விட்டு விட்டு வருதல், அல்லது நின்றுபோதல். மூன்று: கண்மணிகள் குண்டூசி முனைபோல் சுருங்கியிருத்தல்.

இவற்றோடு வேறு அடையாளங்களும் உண்டு. கொறகொறக் குறட்டை, உதடும் நகமும் நீலம் பாய்தல், உடல் துவண்டு கிடத்தல், தோல் குளிர்ந்து பிசுபிசுத்தல். கறுத்த மேனியில் நீலம் தெளிவாகத் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். உதட்டின் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள்.

பெரியவர் ஒருவர் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கள். ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சும் இல்லையென்றால், எழுப்பியும் எழும்பாவிட்டால், அது உறக்கமல்ல. கண்மணி சுருங்கவில்லையே என்று தாமதிக்கவும் வேண்டாம். வேறு சரக்குக் கலந்திருந்தாலோ மூளைக்கு ஒட்சிசன் குறைந்துவிட்டாலோ அந்த அடையாளம் மாறலாம். மூச்சே முதற் சாட்சி.

செய்ய வேண்டியவை

பெயரைச் சொல்லி உரத்துக் கூப்பிடுங்கள். விரல் முட்டிகளால் நெஞ்செலும்பின் நடுவே அழுத்தித் தேயுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உடனே 1990க்கு அழையுங்கள். 2016இல் இந்திய அரசின் உதவியோடு தொடங்கப்பட்ட 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை அது; கட்டணம் இல்லை. "ஆள் மயங்கிக் கிடக்கிறார், மூச்சு இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். ஒழுங்கையின் பெயரையும், தோட்ட இலக்கத்தையும், பக்கத்திலுள்ள கோவிலையோ கடையையோ சொல்லுங்கள். ஒரு பையனைச் சந்தியில் நிறுத்தி வழிகாட்டச் செய்யுங்கள்.

பின்பு வாய்க்குள் ஏதேனும் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னே சாய்த்து, நாடியை உயர்த்துங்கள். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்பும்படி ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஊதுங்கள். இந்த மரணம் மூச்சில் தொடங்குவதால், ஊதும் ஒவ்வொரு மூச்சும் மருந்தாகும். உயிரின் அசைவே இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். முதலுதவி பயின்றவர் அயலில் இருந்தால் கூப்பிடுங்கள்.

மூச்சு இருந்தும் நினைவு இல்லாவிட்டால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். மேலேயுள்ள முழங்காலை மடித்து முன்னே வைத்தால் உடல் உருளாது. மல்லாந்து கிடப்பவரின் நாக்கும் வாந்தியும் அவருடைய தொண்டையையே அடைத்துவிடும். 2002 அக்டோபரில் மாஸ்கோ நாடக அரங்கொன்றில் பணயக் கைதிகளை மீட்பதற்காகப் பென்டனில் குடும்பத்துப் புகை உள்ளே செலுத்தப்பட்டது. ஏறத்தாழ 130 கைதிகள் இறந்தனர். வெளியே தூக்கிவரப்பட்டவர்களில் பலர் மல்லாந்து கிடத்தப்பட்டு மூச்சடைத்து மாண்டதாகச் சொல்லப்படுகிறது. ஒருவரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது சிறு காரியம். ஆனால் அதில் ஓர் உயிர் தங்கியிருக்கலாம்.

வைத்தியசாலையில் நலொக்சோன் என்ற மாற்று மருந்தை ஏற்றுவார்கள். 1961இல் கண்டுபிடிக்கப்பட்டு 1971இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, அபின் குடும்பத்துச் சரக்கை மூளையிலிருந்து தள்ளிவிட்டு, சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தருகிறது. அங்கே 2023இலிருந்து மூக்கில் பீச்சும் வடிவில் கடைகளிலும் விற்கப்படுகிறது. ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்கள்வரையே. சரக்கு அதைவிட நீண்டநேரம் உடலில் இருந்தால் மீண்டும் மயக்கம் வரும். ஆகவே கண் விழித்துவிட்டான் என்று வீட்டுக்கு இழுத்து வராதீர்கள். வைத்தியர் சொல்லும்வரை அங்கேயே இருக்கட்டும். என்ன எடுத்தான் என்று வைத்தியர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். குளிசை அட்டையோ பொட்டலமோ கிடந்தால் கையோடு கொண்டு போங்கள்.

செய்யக் கூடாதவை

தண்ணீரோ தேசிக்காய்ச் சாறோ கோப்பியோ பருக்காதீர்கள்; அது சுவாசப்பைக்குள் போகும். கிணற்றடியில் வைத்துக் குளிர்நீர் ஊற்றாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். "தூங்கித் தெளியட்டும்" என்று தனியே விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "அயலார் என்ன சொல்வார்கள், பொலிஸ் வந்துவிடுமே" என்று எண்ணி அந்தச் சில நிமிடங்களை வீணாக்காதீர்கள். வெட்கம் ஒரு மாதத்தில் ஆறும். நின்ற மூச்சு திரும்பாது.

மருந்தைப் பழிக்க வேண்டாம்

இதை வாசித்துவிட்டு, புற்றுநோயால் துடிக்கும் தாத்தாவுக்கு வைத்தியர் தந்த மோர்பினை யாரும் ஒளித்துவைத்துவிடக் கூடாது. 1957 பெப்ரவரி 24இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மயக்க மருந்து வைத்தியர்களிடம் பேசியபோது, கொடிய வலியைத் தணிக்க இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்துவது ஒழுக்கநெறிக்கு விரோதமல்ல என்று தெளிவுபடுத்தினார். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். மிகுதியைப் பூட்டி வையுங்கள். தோலில் ஒட்டும் பென்டனில் ஒட்டுத்துண்டு கொடுத்திருந்தால், கழற்றியபின்னும் அதில் மருந்து மிஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். ஒட்டிய இடத்தில் சூடு படவிடாதீர்கள். மருந்து வேகமாக உடலில் ஏறும்.

விடிந்த பின்பு

உயிர் தப்பிய பிள்ளை மறுநாள் வெட்கத்தோடும் கோபத்தோடும் எழும்புவான். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுவலி, வயிற்றோட்டம் எல்லாம் வரும். அவை சரக்கு இல்லாத வேதனையின் அடையாளங்கள். அடித்துத் திருத்துவதற்கும் அறையில் பூட்டிவைப்பதற்கும் அது நேரமல்ல. ஒரு தடவை தப்பியவருக்கு மறுதடவையும் ஆபத்து வரக்கூடும் என்பதால் சிகிச்சைக்கான வழியை உடனே தேடுங்கள்.

1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் சிகிச்சை நிலையங்களை அமைத்துள்ளது. 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். கொழும்பில் சுமித்ரயோ அமைப்பின் 'மெல் மெதுர' இல்லமும் இப்பணியைச் செய்கிறது. நோயாளி தானாக முன்வந்து சிகிச்சை பெற 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டமும் இடமளிக்கிறது. முதற்படியாக யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் பங்குச் சுவாமியாரிடம் சென்று சொல்லுங்கள்.

நல்ல சமாரியனின் உவமையை நாம் சிறுவயதிலிருந்தே அறிவோம். வழியில் விழுந்து கிடந்தவன் ஏன் அந்தப் பாதையில் போனான் என்று அவன் விசாரிக்கவில்லை. முதலில் காயத்தைக் கட்டினான். பிறகு சத்திரத்துக்குக் கொண்டுபோனான். செலவையும் ஏற்றுக்கொண்டான். நாம் இங்கே படித்ததும் அதே ஒழுங்குதான்: முதலில் மூச்சு, பிறகு வைத்தியசாலை, பிறகு நீண்டகாலப் பராமரிப்பு. புத்திமதிக்கு அதன் பின்னரும் நேரமிருக்கும். ஆள் உயிரோடு இருந்தால்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். 1990 என்ற இலக்கத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பின்பு தம்பியைப் பாயில் படுக்கச் சொல்லி, அக்கா அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கை பழகிக்கொள்ளும்.

குடும்பத்தில் கலந்துரையாட

1. உறக்கத்தையும் ஆபத்தான மயக்கத்தையும் எவ்வாறு வேறுபடுத்துவீர்கள்?

2. புனர்வாழ்வு முடிந்து வீடு திரும்புபவருக்கு முதல் இரண்டு வாரங்கள் ஏன் ஆபத்தானவை? அந்நாட்களில் அவரைத் தனியே விடாதிருக்க நாம் என்ன செய்யலாம்?

3. நம் ஒழுங்கையில் ஒரு வீட்டில் இத்துன்பம் இருந்தால், அந்தத் தாய் நள்ளிரவில் தயங்காமல் தட்டக்கூடிய கதவு நம் கதவாக இருக்கிறதா?